வேலை போனால் கைக்கு என்ன வரும்? மட்டக்களப்பு, அம்பாறைத் தொழிலாளருக்கான அரச சேவைகள் பற்றிய மதிப்பீடு

இலங்கையில் வேலை இழந்தவருக்கு மாதாமாதம் பணம் கொடுக்கும் திட்டம் இல்லை. வேலையின்மைக் காப்புறுதியும் கிடையாது. ஏறாவூரில் ஆடைத் தொழிற்சாலையில் இருந்து நிறுத்தப்பட்ட ஒரு பெண்ணோ, களுவாஞ்சிகுடியில் வன்பொருள் கடையில் நின்று வேலை போன ஒருவரோ அடுத்த மாதச் செலவுக்கு எதை நம்பலாம் என்று கேட்டால், விடை பணிக்கொடை (சேவைக் காலத்துக்காக முதலாளி கொடுக்கும் பணம்), ஈ.ரி.எப். (ஊழியர் நம்பிக்கை நிதியம்), ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதியம்), சட்டப்படி கிடைக்கவேண்டிய நட்டஈடு, கடைசியாக வறிய குடும்பங்களுக்கான அரச உதவியான அஸ்வெசும என்பதுதான். இவற்றில் அரசின் திறைசேரியில் இருந்து வருவது அஸ்வெசும மட்டுமே. மற்றவை தொழிலாளி உழைத்துச் சேர்த்தவை, அல்லது முதலாளி கொடுக்கக் கடமைப்பட்டவை. அரசின் பங்கு அவற்றைப் பிரித்துக் கொடுப்பதும், கொடுக்காதவரைப் பிடிப்பதும்தான். அந்த வேலை எவ்வளவு ஒழுங்காக நடக்கக்கூடியது, எந்த இடத்தில் தடுக்கும் என்பதையே இங்கே பார்க்கிறோம்.

முதலில், வேலைகள் ஏன் போயின என்பது. 2019 டிசம்பரில் வற் வரி 15 சதவீதத்தில் இருந்து 8 ஆகக் குறைக்கப்பட்டது. அதன் பின் அரச வருமானம் எழும்பவே இல்லை. 2022 ஏப்ரல் 12 இல் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது. அந்த ஆண்டு அரச வருமானத்தில் முக்கால் பங்குக்கு மேல் வட்டி கட்டவே போனது. வட்டி, அரச ஊழியர் சம்பளம், ஓய்வூதியம் மூன்றிலும் உடனே கைவைக்க முடியாது. அதனால் முதலில் வெட்டு விழுந்தது வீதி, கட்டடம், குளத் திருத்தம் போன்ற மூலதனச் செலவில். கொழும்பில் ஒரு வரியாக வெட்டப்படும் அந்தச் செலவு, இங்கே மேசனும் கம்பி கட்டுபவரும் மணல் லொறிச் சாரதியும் தட்டுப் பலகை அடிப்பவரும் வேலை இல்லாமல் நிற்பதாக வந்து சேரும். முடித்த வேலைக்கான பில் காசு வராத ஒப்பந்தகாரர் ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்க வழியில்லை. பிறகு வற் வரி படிப்படியாக ஏறி 2024 ஜனவரி 1 முதல் 18 சதவீதமானது. சனம் வாங்குவதைக் குறைத்தபோது கடைகளும் ஆட்களைக் குறைத்தன. அரசு புதிய ஆட்சேர்ப்பையும் நிறுத்தியது. 2017 இல் மட்டக்களப்புக் காந்திப் பூங்கா முன்னால் மாதக்கணக்கில் உட்கார்ந்து வேலை கேட்ட பட்டதாரிகளைப் போல இன்னொரு தலைமுறை வந்து நிற்கிறது. அவர்கள் எல்லோருக்கும் கொடுக்க அரச உத்தியோகம் இல்லை.

ஆனாலும் நாட்டின் வேலையின்மை வீதத்தின் ஆண்டுச் சராசரி 2022 இலும் 2023 இலும் 5 சதவீதத்தைத் தாண்டவில்லை. கணக்கெடுப்பு நடக்கும் வாரத்தில் ஒரு மணித்தியாலம் கூலிக்கு வேலை செய்தவரும் வேலையில் உள்ளவராகவே எண்ணப்படுகிறார் என்பது காரணம். மாதம் 25 நாள் வேலை செய்த மேசனுக்கு இப்போது 6 நாள்தான் கிடைக்கிறது என்றால் அவர் அந்தக் கணக்கில் வேலையற்றவர் இல்லை. இந்த வீதத்தை வைத்துக்கொண்டு இங்கே பிரச்சினை இல்லை என்று பேசுபவர்களிடம் இதைச் சொல்லியாக வேண்டும்.

இனிச் சேவைகளுக்கு வருவோம். எல்லாவற்றிலும் பெறுமதியானதும் ஆட்கள் அதிகம் கைநழுவ விடுவதும் நட்டஈடுதான். 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்க, தொழிலாளரின் வேலையை முடிவுறுத்தல் சட்டம் சொல்வது இது: 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் தவிர வேறு காரணத்துக்காக ஒருவரை நிறுத்துவதென்றால் அவருடைய எழுத்து மூலச் சம்மதம் வேண்டும், அல்லது தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன் அனுமதி வேண்டும். முந்திய 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்திருந்தால் இந்தப் பாதுகாப்பு உண்டு. "ஓடர் இல்ல, வந்தாக் கூப்பிடுறம், அதுவரைக்கும் வீட்ட நில்லுங்க" என்று சொல்லி அனுப்புவதும் இந்தச் சட்டத்தில் அடங்கும். தற்காலிகமாக வேலை கொடுக்காமல் விடுவதும் வேலையை முடிவுறுத்துவதாகவே கொள்ளப்படும்.

நட்டஈட்டின் சூத்திரம் நிலையானது. முதல் 5 வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு இரண்டரை மாதச் சம்பளம். 6 முதல் 14 வருடம் வரை ஒவ்வொரு வருடத்துக்கும் 2 மாதச் சம்பளம். அதற்கு மேல் படிப்படியாகக் குறையும். உச்சத் தொகை 2021 இல் 25 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்டது. மாதம் 30,000 ரூபா சம்பளத்தில் 7 வருடம் வேலை செய்தவருக்குப் பதினாறரை மாதச் சம்பளம், அதாவது 4,95,000 ரூபா வரும்.

இது கைநழுவுவது ஒரே ஒரு தாளால். நிறுத்தும் நாளில், "இதில கையொப்பம் வைச்சாத்தான் கடைசிச் சம்பளமும் சேவைக் கடிதமும்" என்று ஒரு கடிதத்தை நீட்டுவார்கள். அது பெரும்பாலும் தொழிலாளி தானாக விலகுவதாக எழுதிய இராஜினாமாக் கடிதம். கையொப்பம் வைத்த பிறகு, நிறுத்தினார்கள் என்று நிரூபிக்கும் பாரம் தொழிலாளியின் தலையில் விழுகிறது. கடிதம் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இருந்தால் வாசித்து விளங்காமல் கையொப்பம் வைக்கவே வேண்டாம். செய்த வேலைக்கான சம்பளம் எந்தக் கடிதத்திலும் தங்கியில்லை. அது எப்படியும் தரப்பட வேண்டியது. அடுத்த நாளும் வேலைக்குப் போய், உள்ளே விடவில்லை என்றால் அந்தத் திகதியைக் குறித்துப் பதிவுத் தபாலில் நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் அனுப்பி, தபால் பற்றுச்சீட்டை வைத்துக்கொள்வது பின்னுக்குப் பெரிய சாட்சி.

முறைப்பாட்டை 6 மாதத்துக்குள் தொழில் திணைக்களத்திடம் கொடுக்க வேண்டும். 15 பேருக்குக் குறைந்த இடமென்றால் இந்தச் சட்டம் பொருந்தாது. அப்போது தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம், அதற்கும் 6 மாதம்தான். முதலாளி திரும்பக் கூப்பிடுவார் என்று காத்திருந்தே பலருக்கு இந்த 6 மாதம் போய்விடுகிறது. முறைப்பாடு கொடுப்பதால் திரும்ப வேலைக்குப் போகும் உரிமை கெடாது. சேவை என்ற வகையில் இதற்கு நமது மதிப்பீடு: சட்டம் மிக நல்லது, ஆனால் விசாரணைக்குத் திகதி போட்டு, முதலாளி வராமல் விட்டு, மறு திகதி போடும் முறை வேலை இல்லாத ஆளின் பொறுமையைத் தின்றுவிடும். கைக்குக் காசு வர மாதங்கள் ஆகும் என்று நினைத்துக்கொண்டே தொடங்க வேண்டும். கொழும்புக்குக் கிட்டவுள்ள கட்டுநாயக்க, பியகம தொழிற்சாலை வலயங்களில் வேலை செய்து ஊருக்குத் திரும்பிய பிள்ளைகளுக்கு இது இன்னும் கஷ்டம். விசாரணை வேலைத்தலம் இருக்கும் பகுதியின் அலுவலகத்தில் நடக்கும். மட்டக்களப்பில் இருந்து ஒவ்வொரு தவணைக்கும் போய்வரும் செலவை அவர்களே பார்க்க வேண்டும். இந்த வழக்குகளை ஊருக்குப் பக்கத்து அலுவலகத்தில் கேட்க ஒழுங்கு செய்தால் பாதிச் சுமை குறையும்.

பணிக்கொடை இதைவிட நேரானது. 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி, 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் 5 வருடம் முடித்தவருக்கு, மாதச் சம்பளக்காரர் என்றால் வருடத்துக்கு அரை மாதச் சம்பளம், மற்றவர்களுக்கு 14 நாள் சம்பளம். கணக்குக் கடைசியாக எடுத்த சம்பளத்தில் போடப்படும். மேலே சொன்ன அதே ஆளுக்கு 1,05,000 ரூபா. தானாக விலகினாலும், நிறுத்தப்பட்டாலும் உண்டு. 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். தாமதித்தால் தாமதத்தின் அளவுக்கேற்ப 10 முதல் 30 சதவீதம் மேலதிகக் கட்டணம் சேரும். களவு, மோசடி, வேண்டுமென்றே செய்த சேதம் என்றால் மட்டும், அதுவும் நட்டமான அளவுக்கு மட்டும் பிடிக்கலாம்.

இங்கே அதிகம் நடக்கும் சுத்துமாத்து, சேவைக் காலத்தை உடைப்பது. 11 மாதத்துக்கு ஒரு தடவை புது நியமனக் கடிதம் கொடுத்து, நடுவில் ஒரு வாரம் இடைவெளி காட்டுவார்கள். அப்படியான கடிதங்களைக் கண்டு மனம் விடத் தேவையில்லை. ஈ.பி.எப். பணம் ஒவ்வொரு மாதமும் விடாமல் போயிருந்தால் தொடர்ச்சியான சேவைக்கு அதுவே ஆதாரம். சம்பளத் துண்டு, வரவுப் பதிவுப் படம், வங்கிக்குச் சம்பளம் வந்த பதிவு எல்லாம் உதவும். வேலையில் இருக்கும்போதே கைத்தொலைபேசியில் இவற்றைப் படம் எடுத்து வைப்பது நல்லது. வாசலைத் தாண்டிய பிறகு எதுவும் கிடைக்காது. 4 வருடம் 11 மாதத்தில் நிறுத்தப்பட்டவருக்கு இந்தச் சட்டத்தில் ஒரு சதமும் இல்லை. ஐந்தாவது வருடம் நெருங்கும்போது ஆட்களை நிறுத்தும் இடங்களைக் கண்டுபிடித்துத் தடுக்கும் ஏற்பாடு ஒன்று வேண்டும்.

ஈ.ரி.எப். உண்மையிலேயே வேலை இழந்தவருக்குப் பயன்படும் ஒரே நிதியம். 1980 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டம். முதலாளி மட்டும் 3 சதவீதம் கட்டுகிறார், தொழிலாளியின் சம்பளத்தில் பிடிப்பதில்லை. வேலை நின்றால் வயதைப் பார்க்காமல் எடுக்கலாம். ஒரு முறை எடுத்தால் அடுத்தது 5 வருடத்துக்குப் பிறகுதான். 30,000 ரூபா சம்பளத்துக்கு மாதம் 900 ரூபா; 7 வருடத்தில் 75,600 ரூபாவும் வட்டியும். பெரிய காசில்லை. ஆனால் வாராந்த நுண்கடன் கட்டும் வீட்டுக்கு இரண்டு மூன்று மாதம் மூச்சுவிட அது போதும். வேலை போன வீடுகளில் தவணை தவறியதும் இன்னொரு நிறுவனத்தில் கடன் எடுத்து முதல் கடனைக் கட்டும் பழக்கம் மட்டக்களப்பில் எவ்வளவு பெண்களைக் கவிழ்த்திருக்கிறது என்பது ஊரறிந்தது. அதற்குப் போவதற்கு முன் ஈ.ரி.எப். விண்ணப்பத்தைப் போடுங்கள்.

விண்ணப்பத்தில் வேலை நின்ற திகதியை முதலாளி உறுதிப்படுத்த வேண்டும். அதனால் கோபித்துக்கொண்டு வெளியேறும் நாளிலும் அந்தப் பகுதியை நிரப்பி வாங்கிக்கொண்டு வருவது புத்தி. இழுத்தடித்தால் ஈ.ரி.எப். சபையிடம் முறையிடலாம். இன்னொன்று: ஈ.ரி.எப். மரணக் காப்புறுதி, சத்திரசிகிச்சை உதவி, தரம் 5 புலமைப்பரிசில் உதவி போன்றவற்றையும் தருகிறது. பணம் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும் அங்கத்தவருக்குத்தான் அவை. வேலை நின்றதும் அந்தப் பாதுகாப்பும் நின்றுவிடும். சுயதொழில் செய்பவர் தானே அங்கத்தவராகிக் கட்டலாம் என்பது இங்கே பலருக்குத் தெரியாது. தையல், மீன் வியாபாரம், முச்சக்கரவண்டி என்று மாறியவர்கள் இதைக் கேட்டு அறிய வேண்டும்.

ஈ.பி.எப். மிகப் பெரியது, ஆனால் இந்த நேரத்துக்கு உதவாதது. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டப்படி தொழிலாளி 8, முதலாளி 12, சேர்த்து 20 சதவீதம். அதே 30,000 ரூபா சம்பளத்துக்கு மாதம் 6,000 ரூபா. 7 வருடத்தில் 5,04,000 ரூபாவும் வட்டியும். வேலை போய்விட்டது என்பதற்காகத் தனியார் துறை ஊழியர் இதை எடுக்க முடியாது. ஆண் 55, பெண் 50 வயது வரை காத்திருக்க வேண்டும். திருமணத்துக்காக வேலையை விடும் பெண், நிரந்தரமாக உடல் இயலாமல் போனவர், ஓய்வூதியம் உள்ள அரச வேலைக்குப் போனவர், நாட்டை விட்டு நிரந்தரமாகக் குடிபெயர்பவர் ஆகியோர் முன்னதாக எடுக்கலாம். வீட்டுக்கும் மருத்துவத்துக்கும் 30 சதவீதம் வரை முன்கூட்டி எடுக்கும் வழியும் உண்டு, 10 வருட அங்கத்துவம் உள்ளவருக்கு. கணக்கில் ஐந்து இலட்சம் இருக்க, அரிசிக்கு நகையை அடகு வைக்கும் நிலை இதனால்தான் வருகிறது. முதுமைக்கான பணத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பது சரி. அதில் சிறு பங்கையாவது, ஆறு மாதம் வேலை இல்லாமல் இருந்தவருக்குத் திறந்துவிடுவது ஒரு அரசால் செய்ய முடியாத காரியமல்ல.

அரசு தன் தேவைக்கு அந்தப் பணத்தைத் தொட்டது. 2023 ஜூலை 1 இல் பாராளுமன்றம் ஏற்றுக்கொண்ட உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில், வங்கிகளிடம் இருந்த திறைசேரி முறிகள் (அரசு கடன் வாங்கக் கொடுக்கும் பத்திரங்கள்) தொடப்படவில்லை. ஈ.பி.எப். போன்ற ஓய்வுகால நிதியங்களிடம் இருந்தவைதான் நீண்டகால முறிகளாக மாற்றப்பட்டன. மாற்ற மறுக்கும் நிதியத்துக்கு 14 சதவீத வரிக்குப் பதிலாக 30 சதவீத வரி என்று சட்டம் வந்தது. 2022 க்கு ஈ.பி.எப். அங்கத்தவருக்கு 9 சதவீத வட்டி வைப்பிலிடப்பட்டது; அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைவாசி ஏற்றம் 70 சதவீதத்தை நெருங்கியிருந்தது. அரச நிதி நெருக்கடியின் செலவை யார் கட்டினார்கள் என்று கேட்பவருக்கு இந்தக் கணக்குப் போதும்.

இன்றே செய்யக்கூடிய வேலை, பதிவுகளைச் சரிபார்ப்பது. பெரும்பாலான தடங்கல் பெயரில் வரும். அடையாள அட்டையில் தகப்பன் பெயர் முன்னால், தொழிற்சாலைப் பதிவில் பின்னால், வங்கிப் புத்தகத்தில் முதல் எழுத்து மட்டும். ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒவ்வொன்றிலும் வேறு. பழைய அடையாள அட்டையின் 9 இலக்கமும் எழுத்தும் கொண்ட எண்ணில் ஒரு கணக்கு, புதிய 12 இலக்க எண்ணில் இன்னொரு கணக்கு என்று பிரிந்திருப்பதும் உண்டு. ஒவ்வொரு முதலாளியிடமும் வேறு வேறு அங்கத்துவ எண் விழும். அவற்றை ஒன்றிணைக்க விண்ணப்பிக்க வேண்டும். இதை 54 வயதில் தொடங்கினால், மூடிப்போன தொழிற்சாலையின் கடிதத்துக்கு எங்கே போவது? வேலையில் இருக்கும்போது முதலாளியைக் கொண்டே திருத்துவது இலகு. அதோடு, அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டும் ஈ.பி.எப். கட்டி, மிகுதியைப் படி என்று எழுதும் இடங்கள் உண்டு. வாழ்க்கைச் செலவுப்படி, விடுமுறைச் சம்பளம், தரகு, துண்டுக்கூலி எல்லாவற்றுக்கும் கட்ட வேண்டும். மேலதிக நேரக் கொடுப்பனவு சேராது.

அஸ்வெசும 2023 ஜூலையில் சமுர்த்திக்குப் பதிலாக வந்தது. 2025 ஜனவரி முதல் வறிய குடும்பத்துக்கு மாதம் 10,000, மிக வறிய குடும்பத்துக்கு 17,500 ரூபா. பணம் நேரே வங்கிக்கு வருகிறது, இடையில் யாருக்கும் கைநீட்டத் தேவையில்லை; இது நல்ல மாற்றம். ஆனால் திடீரென வேலை போனவருக்கு இது பொருந்தாது. கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என்று 22 அளவுகோல்களில் புள்ளி போட்டு ஆட்களைத் தெரிவுசெய்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை மெதுவாக மாறுபவை. வேலை நேற்றுப் போனது புள்ளியில் தெரியாது. சுவரும் கூரையும் தெரியும். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் இது தனி அநியாயம். 2004 சுனாமிக்குப் பிறகு திராய்மடுவிலும் மற்ற இடங்களிலும் தொண்டு நிறுவனங்கள் கட்டிக் கொடுத்த கல்வீடுகளும், போருக்குப் பிறகு வந்த இந்திய வீட்டுத்திட்ட வீடுகளும் வருமானத்தால் கட்டப்பட்டவை அல்ல. சீமெந்துத் தரையும் ஓட்டுக் கூரையும் உள்ள வீட்டில் அடுப்பெரியாத நாட்கள் இருக்கலாம்.

அதனால் மேன்முறையீடு செய்பவர் வீட்டை யார் கட்டித் தந்தது என்பதற்கான கையளிப்புப் பத்திரத்தின் பிரதியையும், வேலை நின்றதற்கான கடிதத்தையும், நாட்பட்ட நோய் இருந்தால் கிளினிக் கொப்பியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். "நாங்கள் கஷ்டப்பட்டவர்கள்" என்ற வசனம் புள்ளியை மாற்றாது, தாள்தான் மாற்றும். விபரம் எடுக்க வந்த நேரத்தில் வீட்டில் நின்ற பிள்ளை சொன்ன பதில் பதிவாகியிருப்பதும் உண்டு. என்ன பதிவாகியுள்ளது என்று பிரதேச செயலகத்தில் கேட்டுப் பார்த்த பிறகே எழுதுங்கள்.

மனிதவலு மற்றும் வேலைவாய்ப்புத் திணைக்களத்தின் பதிவு இலவசம், பதிந்து வைப்பதில் நட்டமில்லை. ஆனால் இல்லாத வேலையை எந்தப் பதிவும் உண்டாக்காது. அதனால்தான் 2022 இல் 3 இலட்சத்துக்கு மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் போனார்கள். கட்டார், சவூதி என்று புறப்படுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒப்பந்த வேலைக்குப் போவது நிரந்தரமாகக் குடிபெயர்வது ஆகாது, அதை வைத்து ஈ.பி.எப். எடுக்க முடியாது. எடுத்துத் தருகிறேன் என்று கட்டணம் கேட்கும் தரகரிடம் அடையாள அட்டைப் பிரதியையோ வங்கிப் புத்தகத்தையோ கொடுக்க வேண்டாம். ஈ.ரி.எப். மட்டும் எடுக்கலாம், அதற்கு விமானம் ஏறுவதற்கு முன்பே, முதலாளியின் உறுதிப்படுத்தலோடு விண்ணப்பத்தைக் கையளித்துவிட்டுப் போங்கள்.